தங்க அலமாரியில் ஒரு முசியே

நீங்கள் எல்லோரும் சேர்ந்து எனக்குக் கேக் வெட்டி வழியனுப்பிய அன்று, உங்களில் ஒரு பெண் என் காதருகே வந்து கேட்டாள்: "இத்தனை வருஷம் இந்த பிரெஞ்சுக்காரங்ககிட்ட எப்படி மேடம் குப்பை கொட்டினீங்க?" வாய் நிறையக் கேக் இருந்ததால் தப்பித்தேன். இப்போது வாயும் காலி, வேலையும் காலி. பதில் சொல்லிவிடுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் நூர்ஜஹான், காரைக்கால்காரி. பள்ளியில் பிரெஞ்சு எடுத்தால் மார்க் தாராளமாக விழும் என்று யாரோ சொன்னார்கள். அதனால் எடுத்தேன், மொழி மேல் காதல் ஒன்றும் இல்லை. கல்யாணமாகி அபுதாபிக்கு வந்தேன். என் வீட்டுக்காரருக்கு ஊருக்கு வெளியே முசஃபா தொழிற்பேட்டையில் எலெக்ட்ரிகல் கடை. கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலைகளைக் கட்டி நடத்தும் ஒரு பிரெஞ்சு கம்பெனி, வளைகுடா முழுவதற்குமான தன் அலுவலகத்தை இங்கே திறந்தபோது, பிரெஞ்சு தெரிந்த செகரெட்டரி தேடினார்கள். செகரெட்டரி என்றால் உங்கள் தலைமுறை கோபித்துக்கொள்ளும். எக்ஸிக்யூட்டிவ் அசிஸ்டென்ட் என்றே வைத்துக்கொள்வோம். வேலை ஒன்றுதான்.

முதலில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, ஒரு பெரிய பிரெஞ்சு அதிகாரி எப்படி உருவாகிறார் என்பது. பள்ளி முடித்ததும் இரண்டு வருடம் வெளிச்சம் படாமல் படிப்பார். பிறகு ஒரு நுழைவுத் தேர்வு. அதில் எத்தனையாவது இடம் என்பதை வைத்து ஒரு பெரிய கல்லூரி. அங்கிருந்து அரசாங்க உத்தியோகம், ஒரு மந்திரியின் அலுவலகத்தில் ஆலோசகர் பதவி, அங்கிருந்து நேராக ஒரு கம்பெனியின் மேல்மாடி. இப்படி நடுவில் வந்து இறங்குகிறவரைப் பாராசூட்டில் வந்தவர் என்று அவர்களே சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். இருபது வயதில் எழுதிய பரீட்சையை அறுபது வயதிலும் மறக்கமாட்டார்கள். புதிதாக இருவர் சந்தித்துக்கொண்டால், குடும்பத்தை விசாரிக்கும் முன் எந்தக் கல்லூரி, எந்த வருடம் என்று விசாரிப்பார்கள். நாம் ஊர் எது, தெரு எது என்று கேட்டு ஆளைக் கண்டுபிடிப்பதைப் போலத்தான்.

இங்கே வரும் தலைவர்களுக்கு ஆயுள் மூன்று வருடம். முதல் வருடம் 'நான் கற்றுக்கொள்ள வந்திருக்கிறேன்' என்பார். இரண்டாம் வருடம் எல்லாவற்றையும் மாற்றுவார். மூன்றாம் வருடம் பாரிஸில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தேடுவார். அடுத்து வருகிறவர் எல்லாவற்றையும் பழையபடி மாற்றி வைப்பார். நாம் அதே நாற்காலியில் உட்கார்ந்து அவர் பெயருக்கும் புது லெட்டர்ஹெட் அடிக்கக் கொடுப்போம்.

மேலே ஏறும் வழியில் ஒருவர் இடறினால் என்ன செய்வார்கள்? வீட்டுக்கு அனுப்புவதில்லை. பெரிய பட்டம், பெரிய அறை, கார் எல்லாம் கொடுத்து, செய்வதற்கு ஒரு வேலையும் கொடுக்காமல் உட்கார வைத்துவிடுவார்கள். பிரெஞ்சில் இதை 'அலமாரியில் வைப்பது' என்பார்கள். ஆள் பெரியவராக இருந்தால் அது தங்க அலமாரி. நான் சொல்ல வந்தது அப்படி அலமாரியில் வைக்கப்பட்ட ஒருவரைப் பற்றியும், அவருக்கு நான் செய்த ஒரு தவறைப் பற்றியும்.

அவர் பெயர் பெலான்ஜே. ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊர் வழக்கப்படி, ஐயா என்பதற்கு நான் முசியே என்றுதான் கூப்பிடுவேன். ஐம்பத்தெட்டு வயது. வரும்போதே கூடவே வந்த பட்டம்: வளைகுடா மற்றும் இந்துமாக்கடல் பகுதிகளுக்கான உயர்நிலை ஆலோசகர், குழுமத் தலைவரின் சிறப்புப் பிரதிநிதி. விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுக்கும் மலையாளி, இவ்வளவையும் போட்டால் பெயருக்கு இடம் இருக்காது, பின்பக்கம் போடட்டுமா என்று போனில் கேட்டார். கேலி செய்யவில்லை, உண்மையாகவே கேட்டார்.

நடந்தது இதுதான். குழுமத் தலைவர் பதவிக்குப் பாரிஸில் இரண்டு பேர் போட்டியிட்டார்கள். இருவரும் ஒரே கல்லூரி, ஒரே வருடம். மற்றவர் ஜெயித்தார். முசியே அபுதாபிக்கு வந்தார். வந்த இரண்டாவது வாரமே, நான் கேட்காமலே, நுழைவுத் தேர்வில் தான் நான்காவது, ஜெயித்தவர் பதினொன்றாவது என்று என்னிடம் சொல்லிவிட்டார்.

அப்போது எங்கள் அலுவலகத்தின் தலைவர் ஜூலியன் என்ற இளைஞர். இளைஞர் என்றால் முப்பத்தொன்பது வயது, அவர்கள் கணக்கில் அது குழந்தைப் பருவம். அவரும் அதே கல்லூரிதான். முசியேவுக்கு எந்த ஃபைலும் போகக் கூடாது, எந்தக் கூட்டத்துக்கும் அழைப்பு போகக் கூடாது என்று பாரிஸ் அவரிடம் சொல்லியிருந்தது. ஜூலியன் அதை ஒழுங்காகச் செய்தார். தனக்குப் புதிதாக ஒரு லெபனான் பெண்ணை உதவியாளராக வைத்துக்கொண்டு, என்னை முசியேவிடம் அனுப்பினார். அலமாரியில் எனக்கும் ஒரு தட்டு ஒதுக்கியாயிற்று.

முசியே காலை எட்டு மணிக்குக் கோட்டு போட்டுக்கொண்டு வருவார். கம்ப்யூட்டரைத் திறப்பார். கைகளை மேசை மேல் வைத்துக்கொண்டு உட்காருவார். அவருடைய காலண்டரை என் திரையிலும் பார்க்கலாம். ஞாயிறு முதல் வியாழன் வரை வெள்ளை வெளேரென்று இருக்கும். பதினொரு மணிக்கு எழுந்து ஜன்னல் வழியாகக் கடலைப் பார்ப்பார். ஒரு மணிக்குச் சாப்பாடு. ஐந்து மணிக்கு, "இன்றைக்கு இவ்வளவுதான், நூர்" என்று சொல்லிவிட்டுப் போவார். காலையிலிருந்து எவ்வளவோ நடந்துவிட்டது போன்ற தொனியில் சொல்வார்.

எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர் டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னார்: "அந்த ஆளுக்கு வேல இல்லன்னா அது ஒனக்கென்னா தலவலி? ஒனக்கும் வேல கொறவுதானே. சந்தோசமா இரேன் புள்ள."

"ஒங்க கடைக்கு ரெண்டு வாரம் ஒரு ஆளும் வரலன்னா சந்தோசமா இருப்பியளா மச்சான்?" என்றேன். அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

மறுநாள் காலண்டரில் ஒன்று எழுதினேன். 'ருவைஸ் ஆலையின் காலாண்டு அறிக்கையைப் படித்தல், பத்து மணி.' அதில் பொய் இல்லை, அறிக்கை இருந்தது. அதை அச்செடுத்து மேசையில் வைத்தேன். அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் அடுத்த தப்பைச் செய்திருப்பீர்கள்.

அடுத்ததாக, இல்லாத சந்திப்புகளை எழுத ஆரம்பித்தேன். குவைத்திலிருந்து ஒரு ஆலோசகர் வருகிறார். மஸ்கட்டிலிருந்து ஒரு அதிகாரி போனில் பேசுவார். முதல் நாள் மாலை எழுதுவேன். மறுநாள் காலை பத்து நிமிடம் முன்னதாக உள்ளே போய், "தள்ளிப்போட்டுவிட்டார்கள் முசியே, இன்ஷா அல்லாஹ் அடுத்த வாரம்" என்பேன். வளைகுடாவில் யாருக்கும் இதில் சந்தேகம் வராது. சொன்ன நேரத்துக்கு நடக்கும் சந்திப்பைத்தான் இங்கே சந்தேகப்பட வேண்டும்.

ஏழு மாதம் இப்படி ஓட்டினேன். இதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு மனுஷனின் மரியாதையை நான் ஒருத்தி தாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பதாக நினைப்பு.

ஒரு வியாழக்கிழமை, கற்பனை வறண்டுபோய், 'சலாலா, ஷேக் சாலிம், தனிச் சந்திப்பு' என்று எழுதினேன். ஓமானின் அந்தக் கோடியில் இருக்கும் சலாலாவில் ஆயிரம் சாலிம்கள் இருப்பார்கள் என்ற தைரியம். அந்த ஆயிரம் பேரில் ஒருவர்தான் சலாலா ஆலையின் ஒப்பந்தப் புதுப்பிப்பில் கையெழுத்துப் போட வேண்டியவர் என்பது எனக்குத் தெரியாது. அந்தப் புதுப்பிப்புதான் ஜூலியன் பாரிஸ் திரும்புவதற்கான டிக்கெட் என்பதும் தெரியாது. பெரிய அதிகாரிகளின் காலண்டர்களைப் பாரிஸால் திறந்து பார்க்க முடியும் என்பது மட்டும் தெரியும். பார்ப்பார்கள் என்றுதான் நினைக்கவில்லை.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு ஜூலியன் கூப்பிட்டார். முகம் வெளிறியிருந்தது. முசியேவின் காலண்டரைப் பார்த்துவிட்டுப் பாரிஸ் அவரிடம் விளக்கம் கேட்டிருந்தது. முசியே தன் முதுகுக்குப் பின்னால் சலாலாவோடு பேசுகிறார் என்று முடிவு கட்டி, ஷேக்கின் அலுவலகத்துக்கே போன் செய்துவிட்டிருந்தார். அவர்கள், எந்தச் சந்திப்பு, உங்கள் கம்பெனிக்கு இப்போது இரண்டு தலைவர்களா என்று கேட்டிருக்கிறார்கள். பாரிஸில் முசியேவைத் திருப்பி அழைக்கும் கடிதம் தயாராகிக்கொண்டிருந்தது. நம்பிக்கைத் துரோகம் என்பது காரணம். பன்னிரண்டு மணிக்குப் பாரிஸ் மனிதவள அதிகாரியோடு வீடியோ கால், அதில் இந்தச் சந்திப்பை யார் ஏற்பாடு செய்தது என்று நான் சொல்ல வேண்டும்.

ஒரு மணி நேரம் இருந்தது. பாத்ரூமுக்குப் போய்க் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தேன். டைப்பிங் மிஸ்டேக். வேறொருவர் காலண்டரில் போட வேண்டியதை இவர் காலண்டரில் போட்டுவிட்டேன். சொல்லிப் பார்த்தால் நன்றாகவே இருந்தது. யாரும் தோண்டமாட்டார்கள் என்றும் தோன்றியது. ஆனால் முசியேவைக் கேட்பார்களே? அவர், ஆமாம், சலாலா சந்திப்பு இருந்தது, தள்ளிப்போய்விட்டது என்று வெள்ளை மனதோடு சொல்வார். நான் சொன்னதைத்தான் சொல்வார். அந்த நிமிடமே அவர் பொய்யராகிவிடுவார்.

நேராக ஜூலியனிடம் போய் உண்மையைச் சொல்லிவிடலாமா? அப்படிச் செய்தால், தன் ஏழு மாதச் சந்திப்புகள் முழுக்க ஒரு அசிஸ்டென்டின் பரிதாபம் என்பதை முசியே பாரிஸின் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்வார். அது எனக்குச் சரியாகப்படவில்லை. என்னால் சிக்கலில் மாட்டிக்கொண்டவருக்கு அதை நான்தான் முதலில் சொல்ல வேண்டும், நேரில், கதவைச் சாத்திக்கொண்டு. வேலை போனாலும் போகட்டும் என்று முடிவு செய்து அவர் அறைக்குப் போனேன்.

நின்றுகொண்டே சொன்னேன். அவர் பேசியது பிரெஞ்சில், நான் தமிழில் எழுதுகிறேன். அவர் கொஞ்சம் காரைக்கால்காரர் போலத் தெரிந்தால் குற்றம் என்னுடையது.

"எதெல்லாம் நீங்க எழுதினது?" என்று கேட்டார்.

ஒவ்வொன்றாகச் சொன்னேன். குவைத் ஆலோசகர், மஸ்கட் அதிகாரி, பஹ்ரைன் குழு. அவர் மேசையின் கடைசி டிராயரை இழுத்தார். அது நிறைய ஃபைல்கள். ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒன்று. கையால் எழுதிய குறிப்புகள், வரைபடங்கள், கேட்க வேண்டிய கேள்விகள்.

"ஒவ்வொண்ணுக்கும் முதல் நாள் உட்கார்ந்து படிச்சேன், நூர்," என்றார்.

இந்த வேலையில் நான் கேட்ட திட்டுகள் நிறைய. திட்டாமல் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான் இன்னும் உறுத்துகிறது. அவரைச் சும்மா உட்கார வைத்தது பாரிஸ். ஆனால் வராதவர்களுக்காக அவரை ஏழு மாதம் உழைக்க வைத்தது நான்.

டிராயரைச் சாத்தினார். பிறகு, "செவ்வாய்க்கிழமை பல் டாக்டர்?" என்று கேட்டார்.

அது உங்களுடையதுதானே முசியே, நான் எழுதவில்லை என்றேன்.

"ஆமா, என்னோடதுதான். எனக்குப் பல்லுல ஒண்ணும் இல்ல."

காதுமடல் சிவந்துபோய் விளக்கினார். எனக்கு முன்னால் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்க வெட்கமாக இருந்ததாம். அதனால் செவ்வாய்தோறும் பல் டாக்டர் என்று போட்டுவிட்டு, டாக்ஸி பிடித்து முசஃபாவில் இருக்கும் நம்முடைய பம்ப் ரிப்பேர் வொர்க்‌ஷாப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். அங்கே சூப்பர்வைசர் செல்வம், ராமநாதபுரத்துக்காரர். அவரிடம் ஸ்பேனர் பிடிக்கப் பழகிக்கொண்டிருந்தார், பிரான்ஸின் நான்காவது இடம். படிப்பு இன்ஜினியரிங். ஆனால் முப்பத்தெட்டு வருடத்தில் ஒரு பம்பைக் கூடத் திறந்து பார்த்ததில்லையாம்.

பன்னிரண்டு ஆகிவிட்டது. அவர் கோட்டை மாட்டிக்கொண்டு, அழைப்பில்லாமலே என்னோடு ஜூலியன் அறைக்கு வந்தார். திரையில் பாரிஸ் அம்மையார் காத்திருந்தார். நான் சுருக்கமாகச் சொன்னேன். சந்திப்பு எதுவும் இல்லை. ஏழு மாதமாக எந்தச் சந்திப்பும் இல்லை. அவருக்கு வேலை இல்லாததால் நானாக எழுதினேன். அவருக்குத் தெரியாது. தப்பு என்னுடையது.

அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். "அப்படின்னா ஏழு மாசமா முசியே பெலான்ஜேவுக்கு என்ன வேலை குடுத்திருக்கீங்க?" என்று கேட்டார். கேட்டது என்னை அல்ல, ஜூலியனை.

ஜூலியன் தன் பேனாவைப் பார்த்தார். முசியே கூரையைப் பார்த்தார். அப்போதுதான் அம்மையாருக்கும் உறைத்தது. பிரான்ஸில் ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து வேலை கொடுக்காமல் வைத்திருப்பதைக் கோர்ட்டுக்கு இழுக்கலாம். எனக்கு மெமோ கொடுக்க வேண்டுமானால் அதில் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால், தலைவரின் சிறப்புப் பிரதிநிதியை ஏழு மாதம் சும்மா உட்கார வைத்தோம் என்று கம்பெனியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகிவிடும். இனிமேல் கவனமாக இருங்கள் என்று வாயால் ஒரு வார்த்தை எனக்கு. திருப்பி அழைக்கும் கடிதம் என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை.

கிளம்பும்போது முசியே ஒரு ஃபைலை ஜூலியன் மேசையில் வைத்தார். சலாலா பற்றி அவர் தயார் செய்தது. எனக்கு இனி தேவைப்படாது என்றார். ஜூலியன் அதைப் படித்தார், சலாலா போனார், ஷேக்கைச் சமாதானப்படுத்தினார், ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார், பாரிஸுக்குப் பதவி உயர்வில் போனார். ஃபைல் யாருடையது என்று அங்கே சொன்னதாக எனக்குத் தகவல் இல்லை.

முசியே நான்கு நாள் என்னிடம் காலை வணக்கம் தவிர வேறெதுவும் பேசவில்லை. எனக்கு அது நியாயமாகவே பட்டது. ஐந்தாம் நாள் என் மேசைக்கு வந்து, பாரிஸுக்கு ஒரு கடிதம் டைப் செய்ய வேண்டும் என்றார். ருவைஸ் ஆலைக்கு மேனேஜராகப் போகிறேன் என்று கேட்கும் கடிதம். கம்பெனி வரைபடத்தில் அது அவருடைய பெட்டிக்கு ஐந்து தட்டு கீழே. பாரிஸ் தடுமாறிப்போனது. மேலே போகக் கேட்பவருக்குத்தான் அவர்களிடம் ஃபாரம் இருந்தது. கடைசியில் பட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஆலைக்குப் போக அனுமதித்தார்கள்.

ஓய்வு பெறும்வரை இரண்டு வருடம் அங்கே இருந்தார். நல்ல மேனேஜரா என்று செல்வத்திடம் ஒருமுறை போனில் கேட்டேன். அவரும் அப்போது ருவைஸுக்கு மாறியிருந்தார்.

"தங்கமான மனுசன் மேடம். சைட்டுக்குத் தினம் வருவாரு, பேரு சொல்லிக் கூப்பிடுவாரு," என்றார் செல்வம். "நட்டு கழட்டுறதுல கெட்டிக்காரர் ஆயிட்டாரு. மாட்டுறதுதான் இன்னும் வரல. நாங்க பின்னாலயே போயி மாட்டிருவோம்."

இதிலிருந்து நான் தெரிந்துகொண்டதை உபதேசமாகச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நீங்கள் பலருடைய நேரத்தைக் கையில் வைத்திருப்பீர்கள். அவர்கள் மேல் இரக்கம் வரும், வரட்டும். ஆனால் அந்த இரக்கத்தை அவர்களுக்குத் தெரியாமல் காட்டாதீர்கள். முதல் நாளே கதவைத் தட்டி, "முசியே, உங்களுக்கு இன்றைக்கு ஒன்றும் இல்லை, என்ன செய்யலாம்?" என்று நான் கேட்டிருந்தால், அவர் கோபப்பட்டிருப்பார். ஒரு வாரம் முகத்தைத் திருப்பியிருப்பார். ஆனால் ஆறரை மாதம் முன்னதாக ருவைஸ் போயிருப்பார்.

இன்னும் ஒன்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு வருடம் முன்பு, பாரிஸிலிருந்து ஒருவர் வருகிறார், நீங்கள்தான் அவருக்கு அசிஸ்டென்ட் என்றார்கள். கார்டு அடிக்கக் கொடுப்பதற்காகப் பட்டத்தைப் பார்த்தேன். மூன்று வரி. பெயரைப் பார்த்தேன். ஜூலியன்.

காதோரம் நரைத்திருந்தது. அங்கே யாரோ ஜெயித்து, இவர் தோற்றிருக்கிறார். முதல் நாள் காலை எட்டு மணிக்குக் கோட்டு போட்டுக்கொண்டு வந்து, மேசை மேல் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் கதவைச் சாத்திவிட்டு எதிரே போய் நின்றேன்.

"இன்னைக்கு உங்க காலண்டர்ல ஒண்ணும் இல்ல, முசியே," என்றேன். "நாளைக்கும் இல்ல. அடுத்த மாசமும் பார்த்துட்டேன்."

கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

"எனக்காக நீங்க ஏதாவது எழுதப் போறீங்களா?"

"இல்ல, முசியே."

அவர் எழுந்து கோட்டைக் கழற்றி நாற்காலி மேல் போட்டார். முழுக்கைச் சட்டையை முழங்கை வரை மடித்துக்கொண்டு, ஏதோ அன்றைய முதல் வேலையைத் தொடங்குவது போல என்னைப் பார்த்துக் கேட்டார்:

"என் கான்ட்ராக்ட்ல ராஜினாமாவுக்கு எத்தனை நாள் நோட்டீஸ் போட்டிருக்கு, நூர்?"

மூன்று மாதம் என்றேன். உட்காரச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல அந்தக் கடிதத்தை நானே டைப் செய்தேன். நான்கே வரி. திருத்துவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.